ஐக்கிய அமெரிக்காவில் குற்றவியல் எதிர்வாதம்

ஐக்கிய அமெரிக்காவில் குற்றவியல் எதிர்வாதம் என்பது, கூட்டரசோ ஒரு மாநில அரசோ ஒருவர் மீது குற்றம் சாட்டும்போது அவர் தம்மைக் காத்துக்கொள்வதற்கு அந்நாட்டுச் சட்டம் வழங்கும் உரிமைகளையும் வழிமுறைகளையும் குறிக்கும். இவ்வுரிமைகளுள் பெரும்பாலானவை 1791 ஆம் ஆண்டில் நிறைவேறிய உரிமைகள் சட்டத்தொகுதியில், அதாவது அமெரிக்க அரசியலமைப்பின் முதற் பத்துத் திருத்தங்களில் அடங்கியுள்ளன. விரைவானதும் பொதுமக்கள் காணத்தக்கதுமான விசாரணை, ஜூரி, குற்றச்சாட்டு இன்னதென்று அறிதல், எதிர்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தல், தமக்கு வேண்டிய சாட்சிகளை நீதிமன்றத்தின் ஆணையால் வரவழைத்தல், வழக்கறிஞரின் துணை ஆகியவற்றை ஆறாம் திருத்தம் உறுதி செய்கிறது. இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டதே மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படை எனலாம். ஏனெனில், சட்டம் அறியாத ஒருவர் ஏனைய உரிமைகளைத் தாமே பயன்படுத்திக்கொள்வது அரிது.

ஆயினும், வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லாதவருக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞரை அளிக்க வேண்டுமா என்ற வினாவுக்கு அரசியலமைப்பில் நேரான விடை இல்லை. அந்த விடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 20 ஆம் நூற்றாண்டில் வழக்கு வழக்காக உருவாக்கியது. குற்றம் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து அவ்விடை இன்றும் வேறுபடுகிறது.

சிறுகுற்றமும் பெருங்குற்றமும்

அமெரிக்கச் சட்டம் குற்றங்களை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பகுக்கிறது. பொதுவாக, ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கத்தக்கவை பெருங்குற்றங்கள். ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ விதிக்கத்தக்கவை சிறுகுற்றங்கள். இங்கு அளவுகோல் உண்மையில் விதிக்கப்படும் தண்டனையன்று, சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவேயாகும். பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்று ஒரு நாளும் சிறையில் இராதவரும் உண்டு.

இப்பகுப்பு இங்கிலாந்தின் பொதுச்சட்டத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தே இதனை 1967 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தால் கைவிட்டுவிட்டது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தொடக்கத்திலிருந்தே இதனை மேற்கொள்ளவில்லை. ஆதலால் இவ்விரு வகைகளுக்கும் தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் நிலைபெற்ற சொற்கள் இல்லை. இக்கட்டுரையில் அவை சிறுகுற்றம், பெருங்குற்றம் எனக் குறிக்கப்படுகின்றன.

கூட்டரசுச் சட்டத்தில் பெருங்குற்றங்கள் ஐந்து படிகளாக உள்ளன. மரண தண்டனையோ வாழ்நாள் சிறையோ விதிக்கத்தக்கவை முதற்படி. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குக் குறைவாக விதிக்கத்தக்கவை இறுதிப்படி. சிறுகுற்றங்கள் மூன்று படிகளாக உள்ளன. ஐந்து நாட்களுக்கு மேற்படாத தண்டனைக்குரியவை வெறும் மீறல்களாகக் கருதப்படும். மாநிலங்களின் நடைமுறை ஒரே சீரானதன்று. பென்சில்வேனியாவில் முதல்நிலைச் சிறுகுற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். நியூ ஜெர்சி இவ்விரு பெயர்களையே தன் சட்டத்தில் பயன்படுத்துவதில்லை. கலிபோர்னியாவில் சில குற்றங்களை எவ்வகையாகவும் நடத்தலாம். முதலில் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் பின்னர் நீதிபதியும் அதைத் தீர்மானிப்பர். அத்தகைய வழக்கில் எதிர்வாத வழக்கறிஞரின் முதல் வேலை, குற்றமே நடக்கவில்லை என்று நிறுவுவதைவிட, வழக்கைச் சிறுகுற்ற வகைக்குள் கொண்டுவருவதாகவே பெரும்பாலும் இருக்கும்.

வகை மாறினால் நடைமுறையும் மாறுகிறது. கூட்டரசு நீதிமன்றத்தில் பெருங்குற்ற வழக்கைத் தொடங்க, ஐந்தாம் திருத்தத்தின்படி, பெரும் ஜூரி எனப்படும் குடிமக்கள் குழு குற்றச்சாட்டை ஏற்க வேண்டும். மாநிலங்களை இது கட்டுப்படுத்தாது என்று ஹுர்டாடோ எதிர் கலிபோர்னியா (1884) வழக்கில் தீர்ப்பாயிற்று. ஜூரி விசாரணைக்குரிய எல்லையோ வேறோரிடத்தில் உள்ளது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறை விதிக்கத்தக்க எக்குற்றத்துக்கும் ஜூரி விசாரணை கோரலாம் என்று பால்ட்வின் எதிர் நியூ யார்க் (1970) வழக்கு வரையறுத்தது.

வழக்கறிஞர் துணை: தொடக்க வரலாறு

ஆறாம் திருத்தம் எழுதப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் நிலவிய வழக்கம் இன்று தலைகீழாகத் தோன்றும். அங்கே சிறுகுற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை முழுமையாகப் பயன்படுத்தலாம். உயிரே போகக்கூடிய பெருங்குற்றம் சாட்டப்பட்டவரோ, சட்ட நுணுக்கங்கள் நீங்கலாக, தம் வழக்கைத் தாமே பேச வேண்டும். 18 ஆம் நூற்றாண்டில் நீதிபதிகள் வழக்கறிஞர்களுக்குக் குறுக்கு விசாரணையை அனுமதிக்கத் தொடங்கினர் எனினும், ஜூரியின் முன் வாதுரை நிகழ்த்தும் உரிமை 1836 ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் கிடைத்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பலவும் இவ்வழக்கத்தை முன்னரே கைவிட்டிருந்தன. ஆறாம் திருத்தத்தின் சொற்கள் அதனையே மறுத்தெழுந்தவை. எனினும் அவை தந்தது, பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞரை நீதிமன்றம் தடுக்கக்கூடாது என்ற அளவிலான உரிமையாகவே நெடுங்காலம் கொள்ளப்பட்டது.

முதல் மாற்றம் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ ஊரிலிருந்து வந்தது. 1931 மார்ச்சு மாதத்தில் ஒரு சரக்குத் தொடர்வண்டியில் சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது, வெள்ளையினப் பெண்கள் இருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர் என்ற பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. கைதாகி இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கியது. அவர்களுக்காக ஊரிலுள்ள வழக்கறிஞர்கள் அனைவரையும் நியமிப்பதாக நீதிபதி அறிவித்தார். எல்லோரையும் நியமித்ததால் எவரும் பொறுப்பேற்கவில்லை. எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பவல் எதிர் அலபாமா (1932) வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கியது. மரண தண்டனைக்குரிய வழக்கில், தம்மால் எதிர்வாதம் செய்ய இயலாத வறியவருக்குப் பயனுள்ள வகையில் வழக்கறிஞரை நியமிப்பது மாநிலத்தின் கடமை என்று நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் எழுதினார்.

ஜான்சன் எதிர் செர்ப்ஸ்ட் (1938) தீர்ப்பு இவ்வுரிமையைக் கூட்டரசு நீதிமன்றங்களில் பெருங்குற்ற வழக்குகளுக்கு விரித்தது. ஆனால் பெட்ஸ் எதிர் பிரேடி (1942) வழக்கில் உச்ச நீதிமன்றம் பின்வாங்கியது. மேரிலாந்து மாநிலத்தில் கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பண்ணைத் தொழிலாளி வழக்கறிஞர் கேட்டு மறுக்கப்பட்டார். சிறப்புச் சூழ்நிலை இருந்தாலன்றி மாநிலங்கள் வழக்கறிஞரை அளிக்க வேண்டியதில்லை என்று அறுவர் தீர்ப்பளித்தனர். மூவர் மறுத்தனர், அவர்கள் சார்பில் எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக்.

கிடியன் வழக்கு

1961 சூன் 3 ஆம் நாள் விடியற்காலையில் புளோரிடா மாநிலத்தின் பனாமா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடம் உடைக்கப்பட்டு, தானியங்கி விற்பனைப் பொறிகளிலிருந்த சில்லறைக் காசுகளும் கொஞ்சம் மதுவும் களவாடப்பட்டன. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் கைது செய்யப்பட்டார். 1910 இல் மிசூரியில் பிறந்த இவர் இளவயதிலேயே வீட்டை விட்டு ஓடியவர். முன்னரும் பலமுறை சிறை சென்றவர். களவு போனதன் மதிப்பு சிறிது. அதனைத் திருடுதல் புளோரிடாச் சட்டப்படி சிறுகுற்றமே. ஆனால் சிறுகுற்றம் புரியும் நோக்கத்துடன் ஒரு கட்டடத்தை உடைத்து நுழைவது பெருங்குற்றம். கிடியன் மீது சுமத்தப்பட்டது இந்தக் குற்றச்சாட்டுத்தான்.

ஆகத்து 4 ஆம் நாள் விசாரணை தொடங்கியபோது, தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று அவர் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே நியமிக்க இயலும் என்று நீதிபதி மறுத்தார். கிடியன் தாமே தொடக்கவுரை நிகழ்த்தினார், சாட்சிகளை வினவினார், முடிவுரையும் கூறினார். சட்டம் பயிலாத ஒருவரிடம் எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு அவர் செய்தார் என்பதைப் பின்னாளில் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

சிறையிலிருந்து அவர் புளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு அனுப்பினார், அது தள்ளுபடியாயிற்று. பின்னர் சிறையில் கிடைத்த கோடிட்ட தாளில் பென்சிலால் எழுதிய மனுவொன்றை வாசிங்டனுக்கு அனுப்பினார். 1962 சனவரியில் அது உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிமன்றம் அதனை விசாரணைக்கு ஏற்று, அவருக்காக வாதிட ஏப் போர்ட்டாஸ் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரை நியமித்தது. போர்ட்டாஸ் 1965 இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். மாநிலங்களுக்கு வழக்கறிஞர் செலவைச் சுமத்தும் இவ்வழக்கில் 22 மாநிலங்கள் கிடியனுக்கு ஆதரவாகவே கருத்துரை அளித்தன. புளோரிடாவின் பக்கம் நின்றவை அலபாமாவும் வட கரோலினாவும் மட்டுமே.

1963 மார்ச்சு 18 ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பெட்ஸ் தீர்ப்பை நீக்கினர். தீர்ப்பை எழுதியவர், 21 ஆண்டுகளுக்கு முன் மறுப்புரை எழுதிய அதே ஹியூகோ பிளாக். குற்றம் சாட்டுவதற்கு அரசு வழக்கறிஞர்களை அமர்த்துகிறது. வசதியுள்ளவர்கள் தம்மைக் காக்க மிகச் சிறந்த வழக்கறிஞர்களைத் தேடுகின்றனர். ஆகவே வழக்கறிஞர் ஆடம்பரமல்லர், இன்றியமையாதவர் என்பது அவர் வாதத்தின் சாரம். சிறைத்துறை இயக்குநராக இடையில் பதவியேற்றவரின் பெயரால் வழக்கு கிடியன் எதிர் வெயின்ரைட் என வழங்குகிறது.

இத்தீர்ப்பு கிடியனை விடுதலை செய்யவில்லை என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. அது மறுவிசாரணைக்கே வழி செய்தது. 1963 ஆகத்து 5 ஆம் நாள் அதே ஊரில், அதே நீதிபதியின் முன், ஏறத்தாழ அதே சாட்சிகளுடன் வழக்கு மீண்டும் நடந்தது. வேறுபாடு ஒன்றே: பிரெட் டர்னர் என்ற உள்ளூர் வழக்கறிஞர் இம்முறை உடனிருந்தார். கிடியனை அழைத்துச் சென்ற வாடகைக்கார் ஓட்டுநர், தம்மை ஏற்றியதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சாட்சியமளித்தார். முதல் விசாரணையில் இது கிடியனுக்கு எதிராக நின்றிருந்தது. அவர் முன்னரும் அவ்வாறு சொன்னதுண்டா, ஏன் என்று டர்னர் வினவினார். முன்னரும் சொன்னதுண்டு, மனைவியுடன் ஏற்பட்ட பிணக்கே காரணம் என ஓட்டுநர் விடையளித்தார். விடியலுக்கு முன் கூடத்துக்குள் கிடியனைக் கண்டதாகச் சொன்ன முக்கியச் சாட்சியிடம், அந்நேரத்தில் அவருக்கே அங்கு என்ன வேலை என்று டர்னர் துருவினார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் கொண்ட ஜூரி கிடியனை விடுவித்தது. ஒரே வழக்கு வழக்கறிஞர் இல்லாமலும் வழக்கறிஞருடனும் இருமுறை நடந்து, எதிரெதிரான முடிவுகளைத் தந்த இத்தகைய தெளிவான எடுத்துக்காட்டு சட்ட வரலாற்றில் அரிது.

கிடியன் 1972 சனவரியில் காலமானார். இவ்வழக்கைப் பற்றி ஆந்தனி லூயிஸ் 1964 இல் எழுதிய "கிடியனின் எக்காளம்" என்ற நூல் 1980 இல் ஹென்றி போண்டா நடிக்கத் தொலைக்காட்சிப் படமாயிற்று.

சிறுகுற்ற வழக்குகளில் வழக்கறிஞர்

கிடியன் தீர்ப்பு பெருங்குற்றங்களைப் பற்றியது. ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வரும் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை சிறுகுற்றங்களே: கடைத்திருட்டு, அத்துமீறி நுழைதல், கைகலப்பு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், உரிமம் இடைநிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டுதல் முதலியன. சாதாரண மனிதர் ஒருவர் குற்றவியல் நீதிமன்றத்தைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

இதற்கான விடையும் புளோரிடாவிலிருந்தே வந்தது. மறைத்து ஆயுதம் வைத்திருந்ததற்காக ஒருவருக்கு வழக்கறிஞர் இன்றி 90 நாள் சிறை விதிக்கப்பட்டது. ஆர்கர்சிங்கர் எதிர் ஹாம்லின் (1972) வழக்கில், குற்றத்தின் பெயர் எதுவாயினும், வழக்கறிஞர் இல்லாமல் அல்லது அவரை அறிந்தே துறக்காமல் எவரையும் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு சிறு குற்றத்தில் எழும் சட்டச் சிக்கல் பெருங்குற்றத்தினதைவிட எளிதாக இருக்கும் என்று எண்ணக் காரணமில்லை என்பதையும், சிறுகுற்ற வழக்குகளின் திரள் நீதிமன்றங்களை அவசரப்படுத்துகிறது என்பதையும் நீதிபதி வில்லியம் டக்ளஸ் சுட்டினார்.

இதன் எல்லை ஏழாண்டுகளில் தெரிந்தது. ஸ்காட் எதிர் இலினாய் (1979) வழக்கில் 150 டாலருக்குக் குறைந்த பொருளைக் கடையில் திருடியவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்திருக்கலாம். ஆனால் விதிக்கப்பட்டது 50 டாலர் அபராதம். உண்மையில் சிறை விதிக்கப்படாததால் வழக்கறிஞர் உரிமை எழவில்லை என்று ஐவர் தீர்ப்பளித்தனர், நால்வர் மறுத்தனர். பெருங்குற்றத்தில் சட்டம் அனுமதிக்கும் தண்டனை உரிமையைத் தீர்மானிக்க, சிறுகுற்றத்தில் விசாரணையின் முடிவே அதனைத் தீர்மானிக்கிறது. எனவே வழக்கறிஞர் தேவையா என்பதை, முடிவு தெரியுமுன்பே நீதிபதி ஊகிக்க வேண்டிய விந்தையான நிலை தோன்றியது. அலபாமா எதிர் ஷெல்டன் (2002) தீர்ப்பு இதனைச் சற்றே தளர்த்தியது. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் வழக்கறிஞர் இல்லாமல் விதிக்கத்தக்கதன்று என்றது.

அபராதம் மட்டும் விதிக்கப்பட்டதால் வழக்கறிஞர் இல்லாமல் முடிந்த வழக்கும் அதோடு முடிந்துவிடுவதில்லை. பிற்காலக் குற்றமொன்றில் தண்டனையைக் கூட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தலாம் என்று நிக்கோல்ஸ் எதிர் ஐக்கிய அமெரிக்கா (1994) வழக்கு அனுமதித்தது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க மீறலுக்காகவும் கைது செய்யலாம் என்று அட்வாட்டர் எதிர் லாகோ விஸ்டா (2001) வழக்கில் முடிவாயிற்று. அவ்வழக்கில் டெக்சாசில் காரோட்டிய ஒரு தாய், இருக்கைப் பட்டை அணியாததற்காகக் கைவிலங்கிடப்பட்டார். இவையெல்லாம் கூட்டரசு அரசியலமைப்பு வகுத்த கீழெல்லைகள் மட்டுமே. பல மாநிலங்கள் இதனினும் விரிவான உரிமையைத் தம் சட்டத்தால் வழங்குகின்றன.

வழக்கின் போக்கு

கைதானவரைக் காவலில் வைத்து வினவுமுன், மௌனமாக இருக்கும் உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் உண்டென்று காவலர் அறிவிக்க வேண்டும் என்பது மிரண்டா எதிர் அரிசோனா (1966) தீர்ப்பின் விதி. அடுத்து அவர் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தப்படுவார். இம்முதல் வருகையிலேயே ஆறாம் திருத்தத்தின் வழக்கறிஞர் உரிமை தொடங்கிவிடுகிறது என்று ராத்கெரி எதிர் கில்லெஸ்பி மாவட்டம் (2008) வழக்கு தெளிவாக்கியது.

பிணை இங்கே பேசப்படும். எட்டாம் திருத்தம் மிகையான பிணைத்தொகையைத் தடை செய்கிறது. ஆனால் சில நூறு டாலரும் இல்லாதவருக்கு மிகையல்லாத தொகையும் எட்டாததே. சிறுகுற்ற வழக்குகளில் இதன் விளைவு கடுமையானது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இதுவரை கழித்த நாட்களையே தண்டனையாகக் கொண்டு இன்றே வீடு திரும்பலாம். மறுத்தால் விசாரணை வரும்வரை வாரக்கணக்கில் சிறையில் காத்திருக்க வேண்டும், வேலையும் போய்விடும். குற்றமற்றவரும் ஒப்புக்கொள்வது இத்தகைய நிலையில்தான். இலினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பணப்பிணையை முற்றாக நீக்கியது. நாட்டில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே.

விசாரணை நடந்தால், நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தின் ஒவ்வொரு கூறையும் மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சேர்ந்தது. கடும் குற்றங்களுக்கு ஜூரியின் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது ராமோஸ் எதிர் லூசியானா (2020) தீர்ப்பால் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் விரும்பினால் வழக்கறிஞரைத் துறந்து தாமே வாதிடலாம் (பரெட்டா எதிர் கலிபோர்னியா, 1975). குற்றமற்றவன் என்று கட்சிக்காரர் வற்புறுத்தும்போது அவருடைய வழக்கறிஞர் குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடாது (மெக்காய் எதிர் லூசியானா, 2018).

எதிர்வாதத்தின் வகைகள்

குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே மிகப் பொதுவான எதிர்வாதம். அதற்குச் சான்று எதுவும் முன்வைக்க வேண்டியதில்லை; அரசின் சாட்சியத்தில் உள்ள ஓட்டைகளைக் காட்டினாலே போதும். டர்னர் செய்ததும் பெரும்பாலும் அதுவே. குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்ததாக நிறுவுவது இதன் ஒரு வடிவம். செயலை ஒப்புக்கொண்டு பொறுப்பை மறுப்பவை வேறு: தற்காப்பு, அச்சுறுத்தலுக்கு உட்பட்டுச் செய்தல், மனநோய், காவல்துறையே தூண்டிக் குற்றம் செய்வித்தல் முதலியன. திரைப்படங்களில் அடிக்கடி வரும் மனநோய் வாதம் உண்மையில் மிகக் குறைவாகவே எழுப்பப்படுகிறது. வெற்றி பெறுவது அதனினும் குறைவு.

சான்றினை விலக்கக் கோருவது எதிர்வாத வழக்கறிஞரின் வலிமையான கருவிகளுள் ஒன்று. சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களும் ஏற்கலாகாது என்று மேப் எதிர் ஒகையோ (1961) வழக்கு விதித்தது. போதைப்பொருள், ஆயுதம் போன்றவை வைத்திருந்த வழக்குகளில் அப்பொருள் விலக்கப்பட்டால் வழக்கே இல்லாமற்போகும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்று அரசிடம் இருந்தால் அதனை எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும் என்பது பிரேடி எதிர் மேரிலாந்து (1963) வகுத்த விதி.

குற்ற ஒப்புதல் பேரம்

மேற்கண்ட விசாரணை உரிமைகள் பெரும்பாலான வழக்குகளில் பயன்படுத்தப்படுவதே இல்லை. கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளுள் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காடும் குற்ற ஒப்புதலால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே மிசூரி எதிர் பிரை (2012) வழக்கில் எடுத்துக்காட்டியது. பேரத்தில் அரசுத் தரப்பு, குற்றச்சாட்டைப் பெருங்குற்றத்திலிருந்து சிறுகுற்றமாகக் குறைக்கலாம், சிலவற்றைக் கைவிடலாம், அல்லது குறைந்த தண்டனையைப் பரிந்துரைக்கலாம்.

பேரத்தில் இரு தரப்பின் வலிமையும் ஒத்ததன்று. கென்டக்கியில் 88.30 டாலருக்குப் போலிக் காசோலை தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருக்கு, ஒப்புக்கொண்டால் ஐந்தாண்டுச் சிறை பரிந்துரைக்கப்படும், மறுத்தால் தொடர்குற்றவாளிச் சட்டத்தின் கீழ் வாழ்நாள் சிறை கோரப்படும் என்று அரசுத் தரப்பு கூறியது. அவர் மறுத்தார், வாழ்நாள் சிறை பெற்றார். போர்டென்கெர்ச்சர் எதிர் ஹேஸ் (1978) வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் இதனை ஏற்றது. குற்றத்தை மறுத்துக்கொண்டே தண்டனையை ஏற்கும் வழியும் உண்டு. வட கரோலினா எதிர் ஆல்போர்ட் (1970) வழக்கால் அது ஆல்போர்ட் ஒப்புதல் எனப்படுகிறது.

பேரமே வழக்காகிவிட்டபின், வழக்கறிஞர் உரிமையும் அங்கே செல்ல வேண்டியதாயிற்று. அரசின் பேரத்தைக் கட்சிக்காரருக்குத் தெரிவிக்காமல் காலாவதியாக விடுவது குறையுள்ள வழக்கறிஞர் பணி என்பதே பிரை வழக்கின் முடிவு.

பொதுக் காப்பு வழக்கறிஞர்கள்

வறியவருக்கு அரசு ஊதியத்தில் வாதிடும் முழுநேர வழக்கறிஞர் பொதுக் காப்பு வழக்கறிஞர் எனப்படுவார். கலிபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞரான கிளாரா போல்ட்ஸ் 1893 இல் சிகாகோவில் இக்கருத்தை முன்வைத்தார். 1914 இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் முதல் அலுவலகம் தொடங்கியது. கிடியன் தீர்ப்புக்குப் பின் புளோரிடா அதே ஆண்டில் தன் மாநிலம் முழுவதற்கும் இம்முறையை ஏற்படுத்தியது. கூட்டரசு நீதிமன்றங்களுக்கு 1964 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் வழக்கறிஞர் ஊதியத்துக்கு வகை செய்தது. சில இடங்களில் தனியார் வழக்கறிஞர்கள் வழக்குக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுகின்றனர். இலவசம் எனப்பட்டாலும் பல மாநிலங்கள் இச்செலவைத் தண்டனை பெற்றவரிடமே பின்னர் வசூலிக்கின்றன.

நியமிக்கப்பட்டவர் நன்றாக வாதிட்டாரா என்பதற்கான அளவுகோலை ஸ்டிரிக்லண்ட் எதிர் வாசிங்டன் (1984) வகுத்தது. பணி நியாயமான தரத்துக்குக் கீழ்ப்பட்டது என்பதோடு, அக்குறை இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்பதையும் காட்ட வேண்டும். இவ்விரண்டாம் படியை ஏறுவது மிகக் கடினம். டெக்சாசில் ஒரு மரண தண்டனை வழக்கில் வழக்கறிஞர் விசாரணையின்போது பலமுறை உறங்கினார். அதுவே தண்டனையை நீக்கப் போதுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு எழுந்து, முழு அமர்வு 2001 இல்தான் போதும் என்றது.

குறையின் வேர் பெரும்பாலும் உறக்கமன்று, வழக்குகளின் எண்ணிக்கையே. ஒரு வழக்கறிஞர் ஆண்டொன்றுக்கு 150 பெருங்குற்ற வழக்குகளையோ 400 சிறுகுற்ற வழக்குகளையோ ஏற்கலாம் என்று 1973 இல் ஒரு தேசிய ஆலோசனைக் குழு வரம்பு கூறியது. ஆண்டுக்கு 2080 வேலைமணி என்று கொண்டால், இது சிறுகுற்றம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பல அலுவலகங்களில் இவ்வரம்பும் மீறப்பட்டது. 2023 இல் வெளியான தேசியப் பணிச்சுமை ஆய்வு, எளிய சிறுகுற்ற வழக்கொன்றுக்கே 13.8 மணி நேரமும், கொலை வழக்குக்கு 248 மணி நேரமும் தேவை என்று கணித்தது. ஒரேகான் மாநிலத்தில் நியமிக்க வழக்கறிஞரே கிடைக்காத நிலை தோன்றியபோது, ஏழு நாட்களுக்குள் வழக்கறிஞர் கிடைக்காதவர்களைச் சிறையில் வைத்திருக்கலாகாது என்ற கீழ் நீதிமன்ற ஆணையை ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 இல் உறுதி செய்தது.

தண்டனைக்கு அப்பாற்பட்ட விளைவுகள்

சிறைக்காலம் முடிந்த பின்னும் குற்றத்தீர்ப்பு தொடர்கிறது. பெருங்குற்றத் தண்டனை பெற்றவரிடமிருந்து வாக்குரிமையை மாநிலங்கள் பறிக்கலாம் என்று 1974 இல் தீர்ப்பாயிற்று. மேய்ன், வெர்மான்ட் மாநிலங்கள் சிறையிலிருப்போரையும் வாக்களிக்க விடுகின்றன. மற்றவை வெவ்வேறு கட்டத்தில் மீட்டளிக்கின்றன. கிடியனின் புளோரிடாவில் 2018 ஆம் ஆண்டின் வாக்கெடுப்பு, கொலை, பாலியல் குற்றங்கள் நீங்கலாகத் தண்டனை முடித்தோர்க்கு வாக்குரிமையை மீட்டது. அடுத்த ஆண்டே அபராதமும் கட்டணங்களும் செலுத்தி முடித்த பின்னரே அது கிடைக்கும் என்று மாநிலச் சட்டம் வரையறுத்தது. துப்பாக்கி வைத்திருக்கும் தடை பெருங்குற்றவாளிகளோடு நிற்பதில்லை; 1996 முதல், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்க்கும் அது பொருந்தும்.

அயல்நாட்டவருக்கு விளைவு இன்னும் கடுமையானது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்பட நேரிடுமா என்பதைக் கட்சிக்காரருக்கு உணர்த்துவது வழக்கறிஞரின் கடமை என்று பதில்யா எதிர் கென்டக்கி (2010) கூறியது. அவ்வழக்கின் மனுதாரர் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றி, 40 ஆண்டுகளாகச் சட்டப்படி அங்கே வாழ்ந்தவர். கவலைப்பட வேண்டியதில்லை என்ற வழக்கறிஞரின் சொல்லை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். குடிவரவுச் சட்டம் "கடும் பெருங்குற்றம்" என்றொரு தனிப்பட்டியலை வைத்திருக்கிறது. ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்ட திருட்டு, அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், அப்பட்டியலில் அடங்கும். ஆகவே மாநிலச் சட்டத்தில் சிறுகுற்றமாக இருப்பது, குடிவரவு நீதிமன்றத்தில் கடும் பெருங்குற்றமாகி நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். இதனால் இத்தகைய வழக்குகளில் எதிர்வாத வழக்கறிஞர்கள் 365 நாளுக்குப் பதிலாக 364 நாள் தண்டனை கேட்டுப் பேரம் பேசுகின்றனர். கலிபோர்னியா, நியூ யார்க் முதலிய சில மாநிலங்கள் சிறுகுற்றத்துக்குரிய உச்சத் தண்டனையையே 364 நாளாகத் திருத்தி அமைத்துள்ளன.